பெங்களூரிலிருந்து வந்தவன்

பத்து வயதில் என்னை ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். நான் யாரையும் அடிக்கவில்லை, பிட் அடிக்கவில்லை, ஜன்னல் கண்ணாடி எதையும் உடைக்கவில்லை. பையனாகப் பிறந்ததுதான் குற்றம். மயிலாப்பூரில் நான் படித்தது பெண்கள் பள்ளி. எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாவது வரைக்கும் பையன்களையும் சேர்த்துக்கொள்வார்கள், ஆறாவது வாசலில் கதவைச் சாத்திவிடுவார்கள். ஐந்தாவது முழுப்பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் மணி அடிக்கும்வரை நான் தங்கமான பிள்ளை. மணி அடித்ததும் ஆபத்தானவன் ஆகிவிட்டேன். பத்தே வயதில் என்னை அவ்வளவு பெரிய ஆளாக மதித்த இடம் அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

அங்கே என்னைச் சேர்த்தது அம்மா. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், அக்காவும் அங்கேயே படித்தாள், ஒரே வேலையில் இரண்டையும் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வரலாம். பொம்பளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் பையன் வாயாட மாட்டான், சத்தம் போட மாட்டான் என்பது அம்மாவின் கூடுதல் நம்பிக்கை. நாற்பத்தைந்து பெண்களும் ஆறு பையன்களும் இருக்கிற வகுப்பில் சத்தம் எங்கிருந்து வரும் என்பதை அம்மா ஒருநாள் வந்து கேட்டிருக்க வேண்டும்.

ஆறே பேர் என்பதால் எங்களுக்கு நல்ல மவுசு. ஆண்டு விழாவில் ராஜா, திருடன், போலீஸ், கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாமே நாங்கள்தான். ஒரே மேடையில் ராஜாவாகவும், அடுத்த நாடகத்தில் போலீஸாகவும் நான் வந்திருக்கிறேன். மீசையை மாற்ற நேரமில்லை, இரண்டு பேருக்கும் ஒரே மீசை. மற்ற நாட்களில் பெண்கள் ஆடியதை நாங்களும் ஆடினோம். பாண்டி, ஸ்கிப்பிங், அஞ்சாங்கல். பி.டி. பீரியடில் த்ரோபால்.

த்ரோபால் என்றால் பெரிய வித்தையில்லை. நடுவில் வலை. இரண்டு பக்கமும் மூன்று மூன்று பேராக மூன்று வரிசை. வருகிற பந்தை இரண்டு கையாலும் பிடித்து, மூன்று நொடிக்குள் ஒரு கையால் தோளுக்கு மேலிருந்து திருப்பி எறிய வேண்டும். பிடிக்கும்போது பந்து நெஞ்சில் வயிற்றில் பட்டால் அதற்குப் பெயர் பாடி டச், பாயின்ட் எதிராளிக்கு. கிரிக்கெட் மட்டையில் எந்தப் பக்கம் தட்டை என்று எனக்குத் தெரியாது. பாடி டச் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அந்த ஆறு பேரில் என்னைவிட நன்றாக ஆடியவன் ஒருவன்தான், அவன் என் நண்பன். டெய்லர் பாயின் மகன். மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழே கடை, மாடியில் வீடு. மாடியில் உருது பேசுவார்கள், கடையில் தமிழ், மிஷின் மக்கர் செய்தால் இரண்டும் கலந்து. பள்ளிவிட்டதும் நான் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன். வெட்டி விழுந்த துணியைச் சுருட்டிப் பந்து செய்து, கடைக்குள் குறுக்கே கயிறு கட்டி, அங்கேயும் த்ரோபால். அவன் அம்மா கீழே இறங்கி வந்து ஒருமுறைகூட எங்களைத் திட்டியதில்லை. திட்டுவதற்குப் பதிலாகத் தின்ன ஏதாவது கொடுத்துவிட்டுப் போவார்.

கடைசி நாளில் பெரிய மிஸ் எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்து, இனிமேல் நீங்கள் பிக் பாய்ஸ் என்று சொல்லி, ஆளுக்கொரு ஜாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். ஏழு வருஷம் ராஜாவாக இருந்ததற்கு ஒரு காம்பஸும் ஒரு பாகைமானியும். பெண்கள் அழுதார்கள் என்று எழுத ஆசைதான். அவர்கள் புது கிளாஸில் யார் யார் எந்த செக்‌ஷன் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் நண்பனுக்கும் எனக்கும் அடையாறு பக்கம் ஒரே பையன்கள் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆறாவதில் அங்கே முழு பேண்ட். அளவெடுக்க அம்மா என்னைப் பாய் கடைக்கே அனுப்பினாள். பாய் டேப்பைக் கழுத்திலிருந்து உருவி, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஓடவிட்டுப் பார்த்தார். எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.

"இன்னா நைனா, ரெண்டு பேரும் பெரிய மன்ஷன் ஆயிட்டீங்க. உள்ள நாலு இஞ்சி மடிச்சு வச்சிடறேன். வளர வளர வா, அவுத்து உட்டுனே இருக்கேன்" என்றார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது எங்கள் அபார்ட்மென்ட் மேல்மாடிப் பையன். ஒன்பதாவது படிக்கிறவன், அதனால் உலகத்தில் அவனுக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது. லிஃப்டில் என்னைப் பார்த்து, இதுவரை எந்த ஸ்கூல் என்று விசாரித்தான். சொன்னேன். அவன் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேர்ள்ஸ் ஸ்கூலா? செத்தடா நீ. தெரிஞ்சுதுன்னா ப்ளஸ் டூ வரைக்கும் ஓட்டுவாங்க" என்றான்.

ப்ளஸ் டூ வரைக்கும் என்றால் ஏழு வருஷம். நான் அதுவரை வாழ்ந்ததே பத்து வருஷம்தான். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மே மாதம் முழுக்க என் மண்டையில் ஒரே விஷயம்தான் ஓடியது: அது தெரியக்கூடாது. அம்மா புது நோட்டுகளுக்குப் பிரவுன் ஷீட் போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். அந்த மஞ்சளால் ஏதாவது பிரயோஜனம் உண்டென்றால் இதற்கு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருக்கும்போது என் நண்பனிடம் போய், நாம் பெண்கள் பள்ளியில் படித்ததை யாரிடமும் சொல்லக்கூடாது, சத்தியம் செய் என்றேன். அவன் பட்டன் டப்பாவில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவே இல்லை.

"கேட்டா சொல்லிட்டுப் போறது. இன்னாடா ஆயிடும்?" என்றான்.

இன்னா ஆயிடும் என்பதை நான் விளக்கினேன். அவனுக்குப் புரியவில்லை. இப்போது நினைத்தால், புரிந்திருக்கும், பயம்தான் வரவில்லை.

முதல் நாள். ஒரே கிளாஸ், ஒரே பெஞ்ச், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஐம்பத்து நாலு பையன்கள். கிளாஸ் சார் அட்டெண்டன்ஸ் எடுத்தபடியே, ஒவ்வொருவரும் எழுந்து எந்தப் பள்ளியிலிருந்து வருகிறோம் என்று சொல்ல வேண்டும் என்றார். ஒருவன் எழுந்து "அடையாறு சார்" என்றான். இன்னொருவன் "டி.நகர் சார்" என்றான். கோட்டூர்புரத்திலிருந்து வந்த ஒருவன் "சி.பி.எஸ்.இ. சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பள்ளியைக் கேட்டால் ஏரியாவைச் சொல்கிறார்களே என்று எனக்குத் தோன்றவில்லை. எவ்வளவு தைரியமாகப் பதில் சொல்கிறார்கள் என்று பொறாமையாக இருந்தது. சாரும் நோட்டிலிருந்து நிமிரவில்லை.

என் முறை வந்தது. எழுந்தேன். ஏரியாவைச் சொல்லித் தப்பிக்கலாம் என்கிற புத்தி எனக்கு இல்லை. என் சித்தப்பா வீடு ஞாபகம் வந்தது.

"பெங்களூரு சார்" என்றேன்.

அந்த ஊருக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம், வருஷத்துக்குப் பத்து நாள் சித்தப்பா வீட்டு சோபாவில் தூங்கியது. பக்கத்தில் என் நண்பன் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். அவன் பார்த்தது எனக்குத் தெரியும், நான் திரும்பவில்லை. பத்துப் பன்னிரண்டு பெயர் தள்ளி அவன் முறை வந்தது. எழுந்து, எங்கள் பள்ளியின் பெயரை, கடைசியிலுள்ள 'பெண்கள் மேல்நிலைப் பள்ளி'வரை ஒரு எழுத்து விடாமல் சொன்னான். வகுப்பு சிரித்தது. சார்கூட நிமிர்ந்து சிரித்தார். அவன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்டர்வலில் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ரிப்பன். இன்டர்வல் முடிந்ததும் எனக்குத் திடீரென்று போர்டு தெரியாமல் போனது. சாரிடம் சொல்லி முன் பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். என் கண்ணுக்கு அன்றும் ஒன்றுமில்லை, இன்றும் ஒன்றுமில்லை.

பெங்களூர்க்காரனாக இருப்பது சாமானிய வேலை இல்லை. கன்னடத்தில் ஏதாவது பேசு என்பார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு. 'ஊட்டா ஆய்த்தா' என்றால் சாப்பாடு ஆயிற்றா. 'கொத்தில்லா' என்றால் தெரியாது. யாராவது பெரிதாகக் கேட்டால் கொத்தில்லா என்பேன். அது ஒன்றுதான் அந்த வருஷம் நான் சொன்ன உண்மை. மற்றபடி பெங்களூரில் டிசம்பர் மாதம் தண்ணீர் பைப்பில் ஐஸ் வரும் என்றேன், மாம்பழம் ஃப்ரிட்ஜில் வைக்காமலே ஜில்லென்று இருக்கும் என்றேன். நம்பினார்கள். சென்னையில் ஜூன் மாதம் வியர்வை ஒழுக உட்கார்ந்திருக்கிறவன் ஐஸ் என்றால் எதையும் நம்புவான்.

என் நண்பன் முதலில் சமாளித்தான். ரிப்பன் என்று கூப்பிட்டால், ஆமாம், எனக்கு ரிப்பன் கட்டத் தெரியும், வா உனக்கும் கட்டிவிடுகிறேன் என்பான். அது ஒரு வாரம் எடுபட்டது. பிறகு அவன் பையில் சாக்பீஸால் பூப் போட்டார்கள், நோட்டு லேபிளில் அவன் பெயரை அடித்துவிட்டு 'குமாரி' என்று எழுதினார்கள். அவனுடைய வாய் மெல்ல மெல்ல நின்றது. மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய்விடுவான். நான் நடுப் பெஞ்சில் நாலு பேரோடு உட்கார்ந்து, பெங்களூர் இட்லிக்கும் நம்ம இட்லிக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் கூட்டம். பாட்டில் பிடிக்க வந்த என் நண்பனை ஒருத்தரும் விடவில்லை, லேடீஸ் க்யூ தனி என்றார்கள். அவன் பாட்டிலோடு நின்று என்னையே பார்த்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. உண்மையில் ஒருத்தரும் பார்க்கவில்லை.

"தள்ளுடா ரிப்பன்" என்றேன்.

அவன் தள்ளிக்கொண்டான். நான் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தேன். அந்தத் தண்ணீரை நான் குடித்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு நம்ப முடியாமல் இருக்கிறது. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அது குறைவு. அதற்குப் பிறகு நான் பாய் கடைப் பக்கம் போகவில்லை. வீட்டில் கேட்டதற்கு, ஆறாவதில் ஹோம்வொர்க் ஜாஸ்தி என்றேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆசிரியர் தினம் முடிந்த அடுத்த வாரம் அது நடந்தது. எங்கள் பி.டி. பீரியடில் கிரிக்கெட் சாமான் முழுவதையும் பெரிய வகுப்புக்காரர்கள் மேட்ச்சுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். பி.டி. சார் ஸ்போர்ட்ஸ் ரூமில் தேடி, ஒரு வலையும் ஒரு பந்தும் கொண்டுவந்தார். ஆசிரியர் தினத்தன்று மேடம்கள் ஆடுவதற்காக வாங்கிய த்ரோபால். வலையைக் கட்டிவிட்டு, ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லி மரத்தடிக்கு டீ குடிக்கப் போனார்.

ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களாகவே வலைக்கு இரண்டு பக்கமும் போனோம். போய், மூன்று மூன்று பேராக மூன்று வரிசையில் நின்றோம். யார் சொல்லிக்கொடுத்தது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. 'சி.பி.எஸ்.இ. சார்' கோட்டுக்கு வெளியே போய், ஒரு காலை முன்னே வைத்து, அழகாக சர்வீஸ் போட்டான். 'அடையாறு சார்' அதை நெற்றிக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்து, மூன்று நொடி ஆகும் முன்னே திருப்பி எறிந்தான். பந்து, பிறந்ததிலிருந்து பையன்கள் பள்ளியிலேயே படித்த ஒரு குண்டுப் பையனிடம் போனது. அவன் அதை நெஞ்சோடு கட்டிப் பிடித்தான்.

"பாடி டச்!" என்று இருபது தொண்டை ஒரே சமயத்தில் கத்தியது.

கத்தியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குண்டுப் பையன் மட்டும் பந்தைக் கட்டிப்பிடித்தபடியே, தான் என்ன தப்பு செய்தோம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மரத்தடியிலிருந்து பி.டி. சார் டம்ளரோடு எழுந்து வந்தார். அவருக்கு ஒரே ஆச்சரியம். இந்த ஆட்டத்தைப் பையன்கள் யாரும் ஆட மாட்டார்களே, இவ்வளவு பேரும் எங்கே கற்றீர்கள் என்று கேட்டார். அப்போது பந்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு என் நண்பன் சாவதானமாகச் சொன்னான், "நான் கேர்ள்ஸ் ஸ்கூல் சார். அங்க கத்துக்கினேன்." அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து 'டி.நகர் சார்' கையைத் தூக்கி, தானும்தான் என்றான். பிறகு 'அடையாறு சார்'. பிறகு 'சி.பி.எஸ்.இ. சார்', காது சிவக்கச் சிவக்க. ஒவ்வொன்றாகக் கைகள் ஏறின. ரிப்பன் என்று பெயர் வைத்தவனே பன்னிரண்டாவது ஆளாகக் கை தூக்கினான். மொத்தம் இருபத்து மூன்று. சார் சிரித்த சிரிப்பில் டீ கொட்டியது. கை தூக்கியவர்களும் சிரித்தார்கள், முதுகில் அடித்துக்கொண்டார்கள், எந்த ஸ்கூல், எந்த மிஸ் என்று விசாரித்துக்கொண்டார்கள்.

நான் கை தூக்கவில்லை. முன் வரிசையில் நின்று நாலு பந்து பிடித்திருந்தேன், நாலும் சுத்தமான கேட்ச். சார் என்னைக் காட்டி, இவன் எங்கே கற்றான் என்றார்.

கை தூக்குவது எவ்வளவு சுலபம் என்று பாருங்கள். இருபத்து நாலாவது ஆளாக இருந்திருப்பேன், அவ்வளவுதான். பாதி வகுப்பே கை தூக்கியபிறகு யாரை ஓட்டுவார்கள்? ஆனால் மூன்று மாதமாக ஐஸும் மாம்பழமும் அளந்தவன் அதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வாய் தானாகத் திறந்தது.

"பெங்களூர்ல பசங்களும் ஆடுவாங்க சார்."

வகுப்பு நம்பவில்லை. முகத்திலேயே தெரிந்தது. யாரோ ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் என் நண்பன் பேசினான்.

"ஆமா சார், அங்க ஆடுவாங்க. இவன் என்கிட்ட சொல்லிக்கீறான்."

சொல்லிவிட்டுப் பந்தை எதிர்ப்பக்கத்துக்கு எறிந்தான். எனக்குத் தெரிந்து அவன் சொன்ன முதல் பொய் அது. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் அவனோடு சண்டை போட்டிருப்பேன், சண்டை முடிந்து பழையபடி ஆகியிருப்போம். அந்த வழியையும் அடைத்துவிட்டான்.

அடுத்த நாளிலிருந்து ரிப்பன் என்ற பெயர் போய்விட்டது. த்ரோபால் டீமுக்கு அவன்தான் கேப்டன். அவன் பெஞ்சில் மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர். இருபத்து மூன்று பேர் பொய்யிலிருந்து ரிட்டையர் ஆகி நிம்மதியாகத் திரிந்தார்கள். நான் மட்டும் சர்வீஸில் இருந்தேன்.

டிசம்பரில் அரைப்பரீட்சை முடிந்து லீவு விட்டார்கள். அதற்குள் என் பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. பாய்தான் உள்ளே துணி விட்டிருக்கிறாரே, போய் அவிழ்த்து விடச் சொல் என்று அம்மா பேண்டைப் பையில் போட்டுக் கையில் திணித்தாள். வேறு டெய்லரிடம் கொடுக்கலாம் என்றேன். உனக்கென்ன பைத்தியமா என்றாள். போனேன். சந்து முனையில் நின்று, கடையில் என் நண்பன் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

பாய் மிஷினிலிருந்து நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"நைனா, பெங்களூர்லேர்ந்து எப்ப வந்தே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொல்லிக்கொண்டு போனார். ஸ்கூல் தொறந்ததுலேர்ந்து இந்தப் பக்கமே வரலையே, பையனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று மகனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாராம். ஒருநாள் அவன், நாங்கள் வீடு மாறிப் பெங்களூர் போய்விட்டோம், நான் அங்கேயே ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னானாம். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போயிருக்கலாம் என்று மாடியில் அவன் அம்மாவுக்கு ஒரே வருத்தமாம். அவன் இப்போதுதான் நூல் வாங்கக் கடைக்குப் போனான், வந்துவிடுவான், உட்கார் என்றார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். பாய் டேப்பை உருவி என் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை ஓடவிட்டார். இரண்டு இஞ்சி வளர்ந்துவிட்டேன், அந்த ஊர்த் தண்ணி அப்படி என்றார்.

"எப்பதான் வந்தே, சொல்லு" என்றார்.

"நேத்துதான் அங்கிள்."

"திரும்பி எப்ப?"

"நாளைக்கு."

அப்படியானால் இப்போதே முடித்துத் தருகிறேன் என்று எல்லா வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டு என் பேண்டை எடுத்துக்கொண்டார். தையலைப் பிரித்தார், சுருக்கத்தை அயர்ன் பண்ணினார், மறுபடி மடித்துத் தைத்தார். காசு வாங்கவில்லை. ஊர் விட்டு ஊர் போன பிள்ளையிடம் என்ன காசு என்றார். நூல் வாங்கப் போனவன் வருவதற்குள் நான் பையை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் அந்தச் சந்து வழியாகப் போனதில்லை. பஸ் ஸ்டாப்புக்கு அதுதான் குறுக்கு வழி. ப்ளஸ் டூ முடிகிறவரை, ஆறு வருஷத்துக்கு மேல், தினமும் சுற்றிக்கொண்டுதான் போனேன். பெங்களூரில் இருக்கிறவன் மயிலாப்பூரில் நடந்து போனால் நன்றாகவா இருக்கும்.